கண்ணாடியைக் கழற்றலாமா?

மூன்று மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் எதிர்வீட்டு அம்மாள். கையில் பேப்பரோடு வந்த நோட்டீஸ் ஒன்று. முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, இதைப் பாருங்க. பதினஞ்சு நிமிஷ வேலையாம். லேசர் வெச்சா கண்ணாடியே வேண்டாமாம். இந்த மாசத்துக்குள்ள பணம் கட்டினா தள்ளுபடியும் உண்டாம்!”

அவள் சந்தோஷத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு. ஐந்தாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. இப்போது பவர் மைனஸ் ஆறு. ஜாதகம் எல்லாம் பொருந்தி வந்த ஓர் இடத்தில், “பொண்ணு எப்பவும் கண்ணாடி போட்டுட்டே இருக்குமா?” என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் அப்புறம் பதிலே சொல்லவில்லை. அன்றிலிருந்து தாய்க்குத் தூக்கம் இல்லை.

தள்ளுபடி என்கிற வார்த்தையைப் புடவைக் கடையில் கேட்டால் எனக்கும் சந்தோஷம்தான். கண் விஷயத்தில் கேட்டதும் மனசு உறுத்தியது. “உட்காரு, காபி போடறேன். ஒரு டாக்டரைப் பற்றிப் படிச்சிருக்கேன், அந்தக் கதையைக் கேட்டுட்டுப் போ” என்றேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

அந்த டாக்டர் பெயர் ஸ்வியாதஸ்லாவ் ஃபியோதரவ். 1927-ல் உக்ரேனில் பிறந்தவர். தகப்பனார் ராணுவ அதிகாரி. ஸ்டாலின் காலத்தில், 1938-ல், அவரைக் கைது செய்து முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். பையனுக்கு விமானம் ஓட்ட ஆசை. விமானப் பள்ளியிலும் சேர்ந்தார். ஆனால் டிராம் விபத்தில் ஒரு பாதம் போயிற்று. ஆகாயக் கனவு அதோடு முடிந்தது. மனம் தளராமல் மருத்துவம் படித்து, 1952-ல் டாக்டரானார். கண்ணை எடுத்துக்கொண்டார்.

அந்த நாளில் கண்புரைக்கு ஆபரேஷன் செய்தால், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை எடுத்துவிட்டு, சோடாபாட்டில் அடி மாதிரி தடிக் கண்ணாடி கொடுப்பார்கள். நம் பாட்டிமார்கள் போட்டிருந்தது நினைவிருக்குமே! லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் 1949-ல், கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்துக் காட்டினார். ஃபியோதரவ் 1960-ல் அதைச் சோவியத் நாட்டில் முதன்முதலாகச் செய்தார். பாராட்டினார்களா? இல்லை. விஞ்ஞானத்துக்கு விரோதம் என்று வேலையை விட்டே நீக்கினார்கள். பத்திரிகையில் விஷயம் வந்த பிறகுதான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் புரை ஆபரேஷன் முடிந்து மறுநாளே பேப்பர் படிக்கிறார்கள் என்றால், இப்படித் திட்டு வாங்கியவர்களின் பிடிவாதமும் அதில் இருக்கிறது.

“நல்ல மனுஷனாத்தான் இருக்கார்” என்றாள் எதிர்வீட்டு அம்மாள். பொறு, கதை இனிமேல்தான்.

1970-களில் அவர் கிட்டப்பார்வைக்கு ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார். நம் கருவிழியின் மேல் கண்ணாடி போல் தெளிந்த ஒரு மூடி இருக்கிறது, கார்னியா என்பார்கள். கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். கிட்டப்பார்வைக்காரர்களின் கண்ணில், வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. அந்த மூடியின் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் சரியான இடத்தில் போய் விழும். இதற்காக, நடுவை விட்டுவிட்டு, குடைக்கம்பி விரிகிற மாதிரி சுற்றிலும் கீறல் போட்டார் ஃபியோதரவ். அவருக்கு முன் ஜப்பானில் சாட்டோ என்ற டாக்டர் கார்னியாவின் உள்பக்கமும் கீறிப் பார்த்து, பல வருஷம் கழித்துப் பலருடைய கண் வீங்கி மங்கிப் போயிருந்தது. ஃபியோதரவ் வெளிப்பக்கம் மட்டும் கீறினார்.

கண்ணாடி கழன்றது. ஜனங்கள் குவிந்தார்கள். அவரோ டாக்டர் மட்டுமில்லை, பெரிய நிர்வாகி. ஒரு ஆளுக்கு ஒரு டாக்டர் என்றால் எப்போது முடிப்பது? தொழிற்சாலையில் நகரும் பட்டையில் சாமான் செய்கிற மாதிரி, நோயாளிகளைப் படுக்கையோடு வரிசையாக நகர்த்தினார். ஒரு டாக்டர் அளந்து குறி வைப்பார், அடுத்தவர் கீறுவார், அடுத்தவர் சரிபார்ப்பார். கல்யாணச் சமையலில் ஒருவர் காய் நறுக்க, ஒருவர் தாளிக்க, ஒருவர் இறக்கி வைப்பதில்லையா, அந்த மாதிரி! 1986-ல் மாஸ்கோவில் பெரிய நிறுவனமாயிற்று, நாடெங்கும் கிளைகள். ‘மகா பீட்டர்’ பெயரில் ஒரு கப்பலையே கண் ஆஸ்பத்திரியாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பி, அந்நியச் செலாவணி சம்பாதித்தார். வருமானத்தில் ஊழியர்களுக்கும் பங்கு கொடுத்தார். 1996-ல் ஜனாதிபதி தேர்தலில் கூட நின்று தோற்றார். 2000-ம் வருஷம் ஜூன் மாதம் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். மாஸ்கோவில் அந்த நிறுவனம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

அவர் செய்த கீறல்கள் என்ன ஆயின என்பதுதான் எனக்கு முக்கியம். அமெரிக்காவிலும் இந்த ஆபரேஷன் வேகமாகப் பரவியது. நல்ல வேளையாக அங்கே சில டாக்டர்கள், செய்துகொண்டவர்களைப் பத்து வருஷம் விடாமல் பின்தொடர்ந்து பரிசோதித்தார்கள். முடிவு 1994-ல் வெளிவந்தது. பலருக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. ஆனால் நூற்றுக்கு 43 கண்களில், பவர் எதிர்ப்பக்கமாக ஒரு டயாப்டர் அல்லது அதற்கு மேல் நகர்ந்திருந்தது. கிட்டப்பார்வைக்குக் கத்தி வைத்த கண் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப்பார்வைக் கண்ணாகிக்கொண்டிருந்தது! கீறிய கார்னியா பலமிழந்து மேலும் மேலும் தட்டையானதால் வந்த வினை. சிலருக்குக் காலையில் ஒரு பார்வை, மாலையில் ஒரு பார்வை. 1996-ல் எவரெஸ்ட் ஏறப் போன ஓர் அமெரிக்க டாக்டர், இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர், மேலே போகப் போகக் கண் தெரியாமல் தவித்தார்.

ஃபியோதரவ் மோசக்காரர் இல்லை, சகோதரிகளே. திறமைசாலி, தைரியசாலி. ஆனால் பத்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்பது தெரிவதற்கு முன்பே வரிசை ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடுகிற வரிசையை நிறுத்துவது யாருக்கும் கஷ்டம்.

“அக்கா, நான் கேக்கறது லேசர். கத்தி இல்லையே!” என்றாள் அவள்.

நியாயமான கேள்வி. லேசர் கதை வேறு. அதில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு. ரங்கசாமி ஸ்ரீநிவாசன் என்பவர் 1929-ல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்து, அமெரிக்கா போய் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தார். 1981 நவம்பரில், நன்றி கூறும் நாள் என்று அவர்கள் கொண்டாடும் பண்டிகைக்கு மறுநாள், வீட்டில் விருந்து முடிந்து மிஞ்சிய வான்கோழி எலும்பை லேபுக்கு எடுத்துப் போனார்! எக்ஸைமர் என்ற புற ஊதா லேசரை அதன்மேல் பாய்ச்சினார். சுற்றுப்புறம் கருகவே இல்லை. வெட்டு அத்தனை சுத்தம். சாதாரண பச்சை லேசர் பட்ட இடமோ தீய்ந்து போயிற்று. மிஞ்சினதைக் கொட்டாமல் வைப்பதில் எவ்வளவு லாபம் பாருங்கள்!

1983-ல் ஸ்டீபன் டிரோக்கெல் என்ற கண் டாக்டரோடு சேர்ந்து அதைக் கார்னியாவில் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். 1988-ல் மார்கரீட் மெக்டொனால்ட் என்ற பெண் டாக்டர், பார்வை நன்றாக உள்ள மனிதக் கண்ணில் முதன்முதல் செய்தார். யாருடைய கண் தெரியுமா? புற்றுநோய் காரணமாக அந்தக் கண்ணையே எடுத்தாக வேண்டிய நிலையில் இருந்த ஒரு பெண்மணி, “எடுப்பதற்கு முன் என் கண்ணில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்” என்று தாமாக முன்வந்தார். இன்று கண்ணாடி இல்லாமல் நடமாடும் லட்சக்கணக்கானோர் அந்தத் தாய்க்குக் கடன்பட்டவர்கள். அமெரிக்க அரசு 1995-ல்தான் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது.

ஆக, லேசர் ஆழமாகக் கீறுவதில்லை. கார்னியாவை மயிரிழை அளவில் இழைத்து எடுக்கிறது. லாசிக் முறையில் மேலே மெல்லிய மடல் ஒன்றைத் திறந்து, அடியில் இழைத்து, மடலை மூடுகிறார்கள். தகுந்த கண்ணுக்கு நல்ல சிகிச்சைதான். ஆனால் ‘தகுந்த’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். இழைத்தது இழைத்ததுதான், திரும்ப வராது. ஏற்கெனவே மெலிந்த கார்னியாவையோ, கூம்பாகப் பிதுங்க ஆரம்பித்த கார்னியாவையோ இழைத்தால் அது இன்னும் பிதுங்கிப் பார்வையே கெடலாம்.

மறுநாள் நானும் அவர்களோடு அந்த நோட்டீஸ்காரர்களிடம் போனேன். ஏ.சி. ஹால், பூ ஜாடி, சிரித்த முகமாய் ஒரு பெண். பவர் மட்டும் பார்த்துவிட்டு மூன்று விலையில் மூன்று திட்டம் சொன்னாள். “அட்வான்ஸ் கட்டிட்டா தேதி போட்டுடலாம் மேடம்.” டாக்டரைப் பார்க்கலாமா என்றால், ஆபரேஷன் அன்றைக்கு வருவாராம்! எதிர்வீட்டு அம்மாள் பர்ஸைத் திறந்தே விட்டாள். நான் கையைப் பிடித்து, “வீட்டில் கேட்டுட்டு வரோம்” என்று இழுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை அவள்.

அடுத்த வாரம் வேறொரு ஆஸ்பத்திரி. அங்கே கார்னியாவின் கனத்தை அளந்து, அதன் மேடு பள்ளத்தைப் படமாக எடுத்தார்கள். டாக்டரே உட்கார வைத்துப் பேசினார். “உங்க பெண்ணுக்குக் கார்னியா மெலிசு. கீழ்ப்பக்கம் லேசா பிதுங்கற மாதிரி சந்தேகம் இருக்கு. லேசர் வேண்டாம். கண்ணைக் கசக்கற பழக்கத்தை விடணும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம். கூடினா அதைத் தடுக்கச் சிகிச்சை இருக்கு.”

தாய் அழுதுவிட்டாள். பெண் அழவில்லை. “நல்லவேளை பெரியம்மா, அன்னிக்கு அட்வான்ஸ் கட்டலை” என்றாள்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரலாம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

1. பதினெட்டு வயசு முடியாமல் வேண்டாம். முடிந்தாலும், ஒரு வருஷமாவது பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

2. கார்னியாவின் கனமும் வளைவும் பார்த்தார்களா? முடிவு என்ன? கேட்டு எழுதி வாங்குங்கள்.

3. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைச் சொல்லவேண்டும். டாக்டர் சொல்லும் நாள்கள் வரை கழற்றி வைத்த பிறகே அளவு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு தப்பும்.

4. கர்ப்பமாக இருக்கும்போதும், தாய்ப்பால் கொடுக்கும்போதும் வேண்டாம். அந்தச் சமயத்தில் பவர் மாறும், கண்ணும் வறளும்.

5. ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் அது கூடலாம். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்கிற டாக்டர் நல்ல டாக்டர்.

6. நாற்பதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி வருவதை லேசர் தடுக்காது. பவர் அதிகம் இருந்தவர்கள், கண்ணாடி கழன்ற பிறகும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

7. ஆபரேஷன் செய்யும் டாக்டரையே முன்னதாகப் பார்த்துப் பேசுங்கள். “எந்த மாதிரி கண்ணுக்கு வேண்டாம் என்று சொல்வீர்கள்?” என்று கேளுங்கள்.

சின்னக் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. டி.வி.க்குக் கிட்டே போய் நின்றாலோ, போர்டு தெரியவில்லை என்றாலோ, உடனே கண்ணைக் காட்டுங்கள். தினமும் வெளி வெளிச்சத்தில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதற்குச் செலவு இல்லை.

போன வாரம் தரகர் வந்திருந்தார். பெண்ணின் போட்டோ கேட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்டூடியோவில் எடுத்த பழைய படத்தை எதிர்வீட்டு அம்மாள் கொடுக்கவில்லை. கண்ணாடியோடு சிரிக்கும் படத்தை எடுத்துக் கொடுத்து, “இதையே காட்டுங்க. பிடிச்சவங்க வரட்டும்” என்றாள்.

பக்கத்தில் இருந்த எனக்குக் காபி இன்னும் கொஞ்சம் இனித்தது.