படம் மாறும், ஆணி மாறாது

இலங்கையின் தலைநகர் எது என்று பரீட்சையில் கேட்டால் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை என்று எழுதினால்தான் புள்ளி கிடைக்கும். 1982 முதல் பாராளுமன்றம் அங்கேதான் கூடுகிறது. ஆனால் ஜனாதிபதி மாறும் நாளில் சனம் போய் நிற்பது கொழும்புக் கோட்டையில். தமிழில் இரண்டுமே கோட்டை என்பதால் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வசதி. எந்தக் கோட்டையில் எது நடந்தாலும் தலைப்புப் பிழைக்காது.

ஆட்சி மாறியதும் ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் நண்பர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். கொழும்பில் மாற்றம் தெரிகிறதா என்பதே எல்லோருடைய கேள்வியும். தெரிகிறது ஐயா, நன்றாகவே தெரிகிறது. தெரியும்படியாக மாற்றுவதில் கொழும்பை மிஞ்சிய தலைநகர் உலகில் இருக்க முடியாது என்பது நாற்பது வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அடியேனின் தாழ்மையான அபிப்பிராயம்.

முதலில் படம். ஜனாதிபதி மாறியதும் இந்நாட்டில் முதன்முதலாகச் சட்டம் போடுகிறவர்கள் பாராளுமன்றத்தில் இல்லை. புறக்கோட்டையில், படத்துக்குச் சட்டம் போடும் கடைகளில் இருக்கிறார்கள். பழையவரின் படம் சுவரில் இருந்து இறங்கும்போது அதன் அளவில் ஒரு வெள்ளைச் சதுரம் எஞ்சும். அதை மறைக்கப் புதியவரின் படம் சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும். நம் ஜனாதிபதிகளின் படங்கள் காலத்துக்குக் காலம் பெரிதாகிவந்ததற்கு அரசியல் விஞ்ஞானிகள் வேறு காரணம் சொல்லக்கூடும். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

2019 நவம்பரில் பதவியேற்ற கோட்டாபய ராஜபக்ஷ, அரச அலுவலகங்களில் தன் படம் வேண்டாம், அரச இலச்சினை போதும் என்று பணித்தார். நகரமே மெய்சிலிர்த்தது. இளைஞர்கள் மதில்களில் சித்திரம் வரைந்தார்கள். எளிமையின் அவதாரம் என்று எழுதியவர்களும் எங்கள் தொழிலில் உண்டு. மறுவருடம் ஒக்டோபரில் அதே எளிமையானவர் 20 ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து, 2015 இல் பறிபோன அதிகாரங்களைத் தன் கதிரைக்கு மீட்டெடுத்தார். சுவரில் படம் இல்லாததால் ஒருவேளை பலர் அதைக் கவனிக்கவில்லைப் போலும்.

பிறகு பட்டம். 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக வந்த ரணில் விக்கிரமசிங்க இரண்டு காரியம் செய்தார். ‘அதிமேதகு’ என்று தன்னை விளிக்கக் கூடாது என்றார். ஜனாதிபதிக்கென்று இருந்த தனிக் கொடியையும் ஒழித்தார். அதுவரை ஆளுக்கொரு கொடி வைத்திருந்த நாடு இது. இந்த அறிவிப்புக்கும் கைதட்டினோம். அடுத்த வாரமே, 22 ஆம் திகதி அதிகாலையில், காலிமுகத்திடலின் போராட்டக் கூடாரங்கள் படையினரைக் கொண்டு அகற்றப்பட்டன. அடிபட்டவர்கள், தங்களை அடிக்கச் சொன்னவர் அதிமேதகுவா வெறும் மேதகுவா என்று விசாரித்ததாகத் தகவல் இல்லை. மேடை அறிவிப்பாளர்களின் வாயில் இருந்து அந்தச் சொல்லும் முற்றாக இறங்கவில்லை.

அந்த ஜூலை மாதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று பழகிய சனம், 9 ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. மறுநாளே அங்கேயும் வரிசை வந்துவிட்டது. நீச்சல் தடாகத்தைப் பார்க்க வரிசை, உடற்பயிற்சி இயந்திரத்தில் ஏறி நடக்க வரிசை, கட்டிலில் படுத்துப் படம் எடுக்க வரிசை. உள்ளே அகப்பட்ட 1 கோடியே 78 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவைப் போராட்டக்காரர்கள் எண்ணிப் பொலிஸாரிடம் ஒப்படைத்தார்கள். வீட்டுக்காரர் 13 ஆம் திகதி மாலைதீவு வழியாகப் புறப்பட்டு, சிங்கப்பூரில் இருந்து மின்னஞ்சலில் இராஜினாமாவை அனுப்பினார். ஓர் ஆட்சி மாற்றம் இவ்வளவு அமளியாகவும் இவ்வளவு ஒழுங்காகவும் ஒரே சமயத்தில் நடந்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கவனியுங்கள்: அந்தச் சனம் மாளிகையைப் பிடித்தது, தடாகத்தைப் பிடித்தது, கட்டிலைப் பிடித்தது. கதிரையின் அதிகாரம் அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. அதில் ஒரு வரியும் அசையாமல், 20 ஆம் திகதி பாராளுமன்றத்தில் 134 வாக்குகளோடு அடுத்தவரிடம் போய்ச் சேர்ந்தது.

அன்று அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்த வாக்கு 3. 2019 தேர்தலில் அவர் பெற்றது 3 வீதத்துக்குச் சற்று மேல். 2020 இல் அவருடைய அணியின் ஆசனங்களும் 3. 2024 செப்டெம்பர் 21 இல் 42.31 வீதம் பெற்று, வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கும் எண்ணப்பட்டு வென்றார். வென்றதும் அமைத்த முதல் அமைச்சரவையில் எத்தனை பேர் என்கிறீர்கள்? மூன்றே பேர். எண்சோதிடர்கள் இதை எப்படித் தவறவிட்டார்கள் என்பது புரியவில்லை.

அந்தத் தேர்தல் இரவு கொழும்பு கண்ட காட்சி தனி. அண்மைக் காலத்தின் மிக அமைதியான தேர்தல் என்று எல்லோரும் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கையில், இரவு 10 மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். காலை 6 மணிக்கு எடுப்பதாகச் சொன்னதை நண்பகல்வரை நீடித்தார்கள். குழப்பம் நடந்ததால் அல்ல, நடக்கவில்லையே என்ற பயத்தினால். வெள்ளவத்தைவாசிகள் முதல்நாளே பாணும் பருப்பும் வாங்கி வைத்துவிட்டார்கள். 1983 ஐக் கண்டவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாற்றம் என்றால் முதலில் அரிசி வாளியைப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். 1993 மே தின ஊர்வலத்தில் ஆமர் வீதியில் ரணசிங்க பிரேமதாச கொல்லப்பட்டு ஆட்சி கைமாறிய நாளையும் கொழும்பு மறக்கவில்லை. எல்லா மாற்றமும் வேடிக்கையாக இருந்துவிடவில்லை.

பத்திரிகைக் காரியாலயத்துச் சங்கதி ஒன்றும் சொல்லிவிடுகிறேன். தேர்தல் இரவில் ஆசிரிய பீடம் முடிவுக்காகக் காத்திருக்கும். விளம்பரப் பகுதி காத்திருப்பதில்லை. வாழ்த்து விளம்பரங்கள் முன்கூட்டியே தயார். ‘தீர்க்கதரிசனம் மிக்க தலைவர்’, ‘சுபீட்சத்தின் விடிவெள்ளி’ எல்லாம் எழுத்துக் கோர்த்து வைத்தாயிற்று. படத்துக்கும் பெயருக்கும் மட்டும் இடம் வெற்றாக இருக்கும். வெள்ளியன்று ஒருவரோடு மேடையில் நின்ற கம்பனி முதலாளி திங்களன்று மற்றவரை அரைப்பக்கத்தில் வாழ்த்துவார். அமைச்சுகளின் பெயர் மாறினால் பெயர்ப்பலகை, கடிதத்தலைப்பு, இறப்பர் முத்திரை என்று அச்சகக்காரருக்கும் நல்ல காலம். தமிழுக்குத்தான் கெட்ட காலம். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆசனத்தைக் கர்ப்பிணி நாய்மாருக்கு ஒதுக்கிய நாடு இது. புதிய பலகை ஒவ்வொன்றும் பழைய பிழையைத் திருத்திப் புதிய பிழையோடு வரும்.

இனி வீதிக்கு வருவோம். 2024 செப்டெம்பர் 23 இல் பதவியேற்பு நடந்த சில நாட்களில், ஜனாதிபதி மாளிகையைச் சுற்றி அடைத்துக் கிடந்த ஜனாதிபதி மாவத்தையும் சேர் பாரன் ஜயதிலக்க மாவத்தையும் திறக்கப்பட்டன. குடும்பம் குடும்பமாகப் போய், மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 1857 இல் கட்டிய கோபுரம், ஒருகாலத்தில் கப்பல்களுக்கு வெளிச்சவீடாகவும் இருந்தது. வாகனம் ஓட்டுபவர்களுக்குச் சுற்று மிச்சம், எனக்கும் சந்தோஷம். முன்னைய ஆட்சியினர் பாவித்த அரச வாகனங்களைக் காலிமுகத்திடலில் வரிசையாக நிறுத்தி வைத்ததும் அந்த நாட்களில்தான். அதையும் போய்ப் பார்த்தார்கள். அதே வாரங்களில் பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்தின் வாசலில் கடவுச்சீட்டுக்காகச் சனம் இரவிரவாக வரிசையில் கிடந்தது. வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு. அந்த வரிசையை யாரும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அதில் நின்றவர்களுக்கும் ஜனாதிபதி மாவத்தை திறந்ததால் ஆன பயன் ஒன்றுமில்லை.

என் வழக்கு இதுதான். வீதி திறந்ததற்கு நன்றி சொல்வோம். வீதி திறந்ததையே விடுதலை என்று எழுதாதீர்கள். கொழும்பில் வாழும் தமிழனுக்கு ஜனாதிபதி மாளிகையைச் சுற்றிய கம்பிவேலி ஒருபோதும் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. 2007 ஜூன் 7 அதிகாலையில், அவசரகாலச் சட்டத்தின் நிழலில், கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்களே, அன்று அவர்களுக்கு வீதிகள் மிகத் தாராளமாகவே திறந்துவிடப்பட்டன. மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்ததாலும் பின்னர் பிரதமர் வருத்தம் தெரிவித்ததாலும் அது அத்தோடு நின்றது. தடுத்தது நீதிமன்றமேயன்றி, மாளிகை அல்ல.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 இல் பிறந்த அதன் முழுப் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. இந்நாட்டில் நிரந்தரமான பொருள் ஒன்று வேண்டுமானால் அதற்குத் தற்காலிகம் என்று பெயரிட்டால் போதும். அச்சட்டத்தின் கீழ் தடுப்புக்காவல் உத்தரவு வழங்குபவர் பாதுகாப்பு அமைச்சர். ஜனாதிபதியே பாதுகாப்பு அமைச்சர். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் ஆட்சிக்கு வந்தபின், 2025 மார்ச்சில், கொழும்பு வணிக வளாகமொன்றில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய முஸ்லிம் இளைஞர் ஒருவர் அதே சட்டத்தின் கீழ் உள்ளே போனார். கோபுரத்தின் கீழ் படம் எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறது?

கதிரையின் கதை நீளமானது. 1978 பெப்ரவரி 4 இல் ஜே. ஆர். ஜயவர்த்தன காலிமுகத்திடலில் சத்தியம் செய்து அதில் அமர்ந்தார். சந்திரிகா குமாரதுங்க அதை ஒழிக்க 1995 ஜூலை 15 என்று திகதியே குறித்தார். மஹிந்த ராஜபக்ஷவும் 2005 இல் வாக்களித்தார். 2010 இல் 18 ஆவது திருத்தத்தால், இருதடவைக்கு மேல் அமர முடியாது என்ற தடையை நீக்கினார். மைத்திரிபால சிறிசேன 19 ஆல் கதிரையின் கால்களைச் சற்று அரிந்தார். கோட்டாபய 20 ஆல் ஒட்டினார். ரணில் காலத்து 21 மறுபடி கொஞ்சம் சீவியது. இத்தனை தச்சர்கள் கைவைத்தும் கதிரை இன்னும் ஆடவில்லை என்றால், பழைய காலத்து மரம்தான்.

2018 இல் இந்தக் கதிரையை அடியோடு ஒழிக்கப் பாராளுமன்றத்தில் ஒரு திருத்தச் சட்டமூலம் வந்தது. கொண்டுவந்தது மக்கள் விடுதலை முன்னணி. அப்போது அவர்களிடம் இருந்தது 6 ஆசனம். 2024 நவம்பரில் அவர்களுடைய அணி வென்றது 159. மூன்றில் இரண்டுக்கு 150 போதும். 6 ஆசனம் இருந்தபோது கையில் இருந்த அவசரம் 159 கிடைத்ததும் எங்கே போயிற்று? பதவியில் உள்ளவர்கள் வீண்பேர்வழிகள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் பஸ்ஸில் போய்வந்தவர்கள், களவெடுக்கக் கூச்சப்படுகிறவர்கள். அதனால்தான் பயமாயிருக்கிறது. இந்தக் கதிரை கெட்டவரிடம் இருக்கும்போது ஒழிக்கவேண்டியதாகவும் நல்லவரிடம் இருக்கும்போது தேவையானதாகவும் தோன்றும் வியாதி எல்லா ஜனாதிபதிகளின் ஆதரவாளர்களையும் முறைவைத்துப் பிடித்திருக்கிறது.

2025 செப்டெம்பர் 10 இல் ஓர் அதிசயம் நடந்தது. முன்னாள் ஜனாதிபதிகளுக்கு வீடும் வாகனமும் வழங்கிய 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒழிக்க 151 பேர் ஆதரவாகவும் ஒருவர் எதிராகவும் வாக்களித்தார்கள். அடுத்த நாளே மஹிந்த ராஜபக்ஷ விஜேராம மாவத்தை வீட்டைக் காலிசெய்து தங்காலைக்குப் புறப்பட்டார். தொலைக்காட்சிகள் வழியனுப்பின. நியாயமான சட்டம், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். இருந்து எழும்பியவர்களின் வீட்டைப் பறிப்பதற்கு 151 வாக்கு ஒரே நாளில் கிடைத்தது. இருக்கிறவரின் கதிரைக்குத் தேவையானது அதிலும் ஒன்று குறைவு.

மக்கள் தீர்ப்பும் எடுக்கவேண்டுமே, செலவாகுமே, காலமெடுக்குமே என்பார்கள். 2024 செப்டெம்பருக்கும் 2025 மே மாதத்துக்கும் இடையில் இந்நாட்டு மக்கள் மூன்று தடவை வாக்குச்சாவடிக்குப் போய் வந்தார்கள். நான்காவது தடவைக்கும் வழி தெரியும், விரலில் மை பூசிக்கொள்ளவும் தெரியும். புதிய அரசியலமைப்பு வரும், அதில் நிறைவேற்று அதிகாரம் போகும் என்று 2024 விஞ்ஞாபனத்தில் அச்சில் இருக்கிறது. என் மேசையில் ஒரு பிரதி உண்டு.

ஆகவே அரசாங்கத் தகவல் திணைக்களத்தாரிடம் ஒரு வேண்டுகோள். எந்த வீதி திறந்தது, எந்த வாகனம் ஏலம் போனது, யார் எந்த வீட்டைக் காலிசெய்தார் என்ற அறிக்கைகளைத் தாராளமாக அனுப்பிக்கொண்டிருங்கள். ஐந்தாம் பக்கத்தில் எப்போதும் இடம் உண்டு. முன்பக்கத்துக்கு எனக்குத் தேவை மக்கள் தீர்ப்பின் திகதி. ஒரு வரி போதும், படம் தேவையில்லை.