ஆக்ரித் தராசில் பதினோரு டைரிகள்

வலியசாலையில் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு ஃபிளாட்டுகள் எழும்பி வருகின்றன. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவின் கடைசி வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஆக்ரிக்காரர் தராசோடு உட்கார்ந்திருந்தார். பழைய சாமான் எடுப்பவருக்குத் திருவனந்தபுரத்தில் அதுதான் பெயர். மலையாளிகளும் சரி, இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களும் சரி, அப்படித்தான் சொல்வோம். தட்டில் பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்கள். அவற்றின் மேல் சிவப்பும் பச்சையுமாகக் காலிக்கோ அட்டை போட்ட டைரிகள். மேலே இருந்ததைப் பிரித்தேன். 1963. நீல மையில் சாய்வான தமிழ் எழுத்து, பக்கத்துக்கு ஐந்தாறு வரி.

“தம்பி, இதை மட்டும் எனக்குக் குடுத்துரு.”

“எடுத்துக்குங்கக்கா, பேப்பர் விலைதான்.”

மொத்தம் பதினோரு டைரிகள். ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவந்தேனே தவிர, அன்று படிக்கவில்லை. எழுதியவர் இறந்து பல வருஷம் ஆயிற்று. மகன் பெங்களூரில் இருக்கிறார். அவர் எண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். “அதுல என்னத்தை எழுதியிருக்கப் போறாரு அத்தை? பஸ் டிக்கெட் கணக்கா இருக்கும். நீங்க வாசிங்க” என்றார்.

பஸ் டிக்கெட் கணக்கும் இருந்தது. அவர் தம்பானூரில் ஆர்.எம்.எஸ். சார்ட்டர். ரயில்வே மெயில் சர்வீஸில் இரவெல்லாம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துச் சின்னச் சின்ன அறைகளில் போடும் வேலை. ஆயிரக்கணக்கான பேருடைய முகவரிகளை வாசித்துவிட்டு விடியற்காலையில் வீட்டுக்கு வந்து, தூங்கும்முன் தனக்கென்று ஐந்து வரி எழுதியிருக்கிறார். முதல் டைரி 1956, கடைசி டைரி 1972. நடுவில் ஆறு வருஷம் காணோம். 1967-ஆம் வருஷ டைரியின் பின்பகுதியில் யாரோ ஒரு குழந்தை பின்னக் கணக்குப் போட்டிருப்பதைப் பார்த்தால், காணாமல்போனவை எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

1956 நவம்பர் 1 என்ன நாள் என்று இந்த ஊரில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். கேரளம் பிறந்தது, கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு போனது. நானும் பாடத்தில் படித்துப் பரீட்சை எழுதியவள்தான். அந்தத் தேதியில் அவர் டைரியைப் பார்த்தேன். அவருடைய சொந்த ஊர் நாகர்கோவிலுக்குப் பக்கம். அம்மா இருக்கும் வீடு இன்றிலிருந்து வேறு ராஜ்யம் என்று ஒரு வரி. கொல்லம் ஆண்டு 1132 என்பதையும் ஓரத்தில் குறித்திருக்கிறார். அடுத்த வரியில், ராத்திரி நாகர்கோவில் பை வழக்கம்போலக் கட்டினோம் என்று இருக்கிறது. டிசம்பரிலும் கடிதங்களில் திருவிதாங்கூர்-கொச்சி என்றே ஜனங்கள் எழுதி அனுப்புகிறார்கள் என்று ஒருநாள் எழுதுகிறார். ஒரு எல்லைக்கோடு தபால் உறைமேல் வந்து சேர இத்தனை நாள் எடுத்திருக்கிறது. எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

1963 நவம்பர் 21. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போன நாள். மாலை ஆறரைக்குச் சற்று முன்னால் அது கிளம்பியது. மேலே போய்ச் சோடிய ஆவியை விட்டது. அந்தச் செம்மஞ்சள் வெளிச்சம் வெகுதூரம் வரை தெரிந்தது. இவர் இரவு டூட்டிக்குக் கிளம்பிக் கிள்ளியாற்றுப் பாலத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. பாலத்தில் நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னதாகவும், ஒரு கிழவி கும்பிட்டதாகவும், தான் டூட்டிக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போனதாகவும் எழுதியிருக்கிறார். ராக்கெட் என்ற சொல் மறுநாள் பக்கத்தில்தான் வருகிறது, பத்திரிகை பார்த்தபிறகு. நம்முடைய விண்வெளி வரலாற்றைப் பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தவரின் பத்து நிமிஷத்தை நான் படித்தது இந்த ஆக்ரி டைரியில்தான்.

1964-ஆம் வருஷ டைரி முழுக்க அரிசி. கேரளத்தில் அரிசிப் பஞ்சம் கடுமையாக இருந்த வருஷம் அது. எல்லையிலிருக்கும் களியக்காவிளை செக்போஸ்டைத் தாண்டி அரிசி கொண்டுவருவது பெரும்பாடு. அக்காள் ஊரிலிருந்து துணி மூட்டைக்குள் இரண்டு படி கொண்டுவந்தாள் என்று சந்தோஷப்படுகிறார்; அடுத்த தடவை பிடுங்கிவிட்டார்கள் என்று எழுதுகிறார். மே 27, நேரு இறந்த அன்று எங்கள் ஊர்க் கடைத்தெருவான சாலைக் கம்போளம் மொத்தமும் அடைத்துவிட்டது. டீக்கடை ரேடியோவைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் தெருவில் நின்றார்கள். அவரும் அழுதிருக்கிறார். அன்று ராத்திரி வீட்டில் மரச்சீனிக் கிழங்கு. நேருவின் மரணமும் மரச்சீனியும் ஒரே பக்கத்தில், ஒரே மையில்.

கடைசி டைரி 1972. ஆகஸ்ட் 15 முதல் தபாலுக்குப் பின்கோடு வந்தது. திருவனந்தபுரம் 695, நாகர்கோவில் 629. முப்பது வருஷம் ஊர்ப் பெயர்களை மனப்பாடமாக வைத்திருந்த மூத்த சார்ட்டர் ஒருவர், இனிமேல் எண் தெரிந்த பையன் போதும் என்று கேன்டீனில் சொன்னாராம். அதைக் குறித்துவிட்டு, இவர் தன் அபிப்பிராயம் எதையும் எழுதவில்லை.

நான் கணக்குத் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் கணக்கைப் படித்துத்தான் சோறு சாப்பிட்டேன். ஆவணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இந்தப் பதினோரு டைரிகளுக்குப் பிறகு, நம் ஊரில் நாம் எதைக் காப்பாற்றுகிறோம், எதைத் தராசில் போடுகிறோம் என்பதை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை.

கோட்டைக்குள் மத்திய ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ரேகைகள் இருக்கின்றன. பத்மநாபசுவாமி கோயிலின் கணக்குகளும் நடவடிக்கைகளும் சுருணை சுருணையாக ஓலையில், அவற்றில் பல வட்டெழுத்தில். 2022-இல் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்தார்கள். போய்ப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அரசரும் கோயிலும் செலவழித்தது நமக்குத் தெரியும். பாளையத்தில் 1829-இல் தொடங்கிய பொது நூலகம் இருக்கிறது. அங்கே அச்சான புத்தகங்கள் ஏராளம். ஆனால் சாலைக் கம்போளத்தில் மூட்டை இறக்கியவர், கரமனையில் அப்பளம் இட்டவர், ஆர்.எம்.எஸ்ஸில் கண் விழித்தவர் ஆகியோர் தம் கையால் எழுதியது இந்த நகரத்தில் எங்கே இருக்கிறது?

கதையில் இருக்கிறது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆ. மாதவன் சாலையிலேயே கடை வைத்துக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்தபடி தெருவைப் பார்த்து எழுதினார். நீல பத்மநாபன் ‘பள்ளிகொண்டபுர’த்தில் இந்த ஊரையே நடக்கவிட்டார். நகுலன் தன் நாவல் ஒன்றுக்கு ‘நவீனன் டைரி’ என்றே பெயர் வைத்தார். இவர்களைப் படித்து வளர்ந்தவள் நான்; இவர்கள் இல்லாவிட்டால் திருவனந்தபுரத்துத் தமிழர் என்று ஒரு கூட்டம் இருந்ததே வெளியே தெரிந்திருக்காது. இருந்தாலும் எழுத்தாளர் பார்த்துச் சொன்ன வாழ்க்கை வேறு, வாழ்ந்தவர் தானே சொன்னது வேறு. முதலாவதை நாம் கொண்டாடுகிறோம். இரண்டாவதைக் கிலோ கணக்கில் விற்கிறோம்.

தமிழுக்கு இது புதிய விஷயமும் இல்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துரை கோபித்தது, ஊர் பேசியது எல்லாம் அதில் உண்டு. அவர் இறந்து எண்பத்தைந்து வருஷம் கழித்து, 1846-இல், ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். இல்லையென்றால் அதுவும் செல்லரித்துப் போயிருக்கும். பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்துப் புதுச்சேரியைப் பற்றி எழுத வரும் எவரும் இன்று அந்தத் தமிழ் நாட்குறிப்பைத் தொடாமல் எழுத முடியாது. பிள்ளை பிரெஞ்சுக்காரர்களிடம் செல்வாக்குள்ள துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். அதனால் அவர் ஏடுகளை வீட்டில் வைத்திருந்தார்கள். நம் சார்ட்டருக்கு அந்தச் செல்வாக்கு இல்லை.

இத்தாலியில் பியேவே சாந்தோ ஸ்தெஃபானோ என்று ஒரு சின்ன ஊர். இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை அந்த ஊரை வெடிவைத்துத் தகர்த்தது. தன் பழைய வீடுகளையெல்லாம் இழந்த அந்த ஊரில், 1984-இல் சவேரியோ துத்தீனோ என்ற பத்திரிகையாளர் சாதாரண ஜனங்களின் டைரி, கடிதம், தன்வரலாறு ஆகியவற்றுக்கென்றே ஒரு காப்பகம் தொடங்கினார். எழுத்துத் திறமை வேண்டாம், பிழை இருந்தால் பரவாயில்லை, கொண்டுவந்து கொடுங்கள் என்றார். கொண்டுவந்தார்கள். கிளேலியா மார்க்கி என்ற விவசாயப் பெண்மணி, கணவர் விபத்தில் இறந்தபிறகு இரவுகளில் எழுதத் தொடங்கினார். காகிதம் தீர்ந்தது. கல்யாணச் சீரில் வந்த இரட்டைக் கட்டில் விரிப்பை எடுத்து, இனி அவரோடு சேர்ந்து அதில் படுக்க முடியாது என்று, அதன் முழு அகலத்துக்கும் தன் வாழ்க்கையை வரிவரியாக எழுதினார். அந்த விரிப்பு இன்று அந்தக் காப்பகத்தில் இருக்கிறது. சிசிலியைச் சேர்ந்த வின்சென்சோ ரபீத்தோ ரோடு வேலைக்காரர், பள்ளிப் படிப்பு கிடையாது. வயதான காலத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு டைப்ரைட்டரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கம் அடித்தார், சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி போட்டு. அவர் இறந்து பல வருஷம் கழித்து 2007-இல் அது புத்தகமாக வந்து நாடே படித்தது. அந்த ஊருக்கு ஒரு துத்தீனோ கிடைத்தார். நமக்கும் யாராவது வர வேண்டும்.

இதெல்லாம் காகிதக் காலத்துக் கவலை என்று என் மகள் சொன்னாள். அப்படியில்லை. 2003 முதல் தமிழில் வலைப்பதிவுகள் வந்தன. ராத்திரி வேலை முடித்துவிட்டு நான் அவற்றைப் படித்த காலம் நன்றாக நினைவிருக்கிறது. டொரொண்டோவில் பனி வழித்துவிட்டு வந்து யாழ்ப்பாணத்துக் கிணற்றை நினைத்து எழுதுகிறவர், வளைகுடாவில் எட்டுப் பேர் அறையில் யார் சமையல் என்ற தகராறைச் சொல்கிறவர், தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் கதை எழுதுகிறவர்! முகம் தெரியாத இத்தனை பேர் வீட்டு அடுப்படி வரை என்னைக் கூட்டிப்போனார்கள். மலையாளத்திலும் அப்படித்தான், விசாலமனஸ்கன் என்ற பெயரில் துபாய்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் ஊர் கொடகரையைப் பற்றி எழுதியது ‘கொடகரபுராணம்’ என்று புத்தகமே ஆனது. புத்தகமானவை மிகச் சில. நான் குறித்து வைத்திருந்த முகவரிகளில் பாதிக்குமேல் இன்று திறப்பதில்லை. இணையத்தில் இலவசமாகப் பக்கம் கட்ட இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடியபோது தனிமனிதர்கள் கட்டிய பக்கங்கள் லட்சக்கணக்கில் போயின. ஆக்ரிக்காரராவது டைரியை எனக்குக் கொடுத்தார். அங்கே கேட்பதற்கும் ஆள் இல்லை.

அடுத்தவர் டைரியைப் படிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இந்த டைரிகளில் நான் வெளியே சொல்லாத பக்கங்கள் இருக்கின்றன. ஒரு கடன், ஒரு தங்கையின் கல்யாணம் நின்றது, அவர் மனைவியின் உடம்பு. அவற்றை நான் எவரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. குடும்பத்தின் சம்மதம் வேண்டும்; இத்தனை வருஷத்துக்குத் திறக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னால் பூட்டி வைக்க வேண்டும்; பெயர் மறைக்கச் சொன்னால் மறைக்க வேண்டும். எந்த நூலகமும் செய்யக்கூடிய ஏற்பாடுதான் இது. ஆனால் அந்தரங்கம் என்று சொல்லிக்கொண்டே ஆக்ரிக்காரரிடம் போடுகிறோமே, அது கடலை மடிக்கப் போகிறது. அங்கே எந்த அந்தரங்கம் காப்பாற்றப்படுகிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டைரி எழுதியவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். என் அம்மா டைரி எழுதியதில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் பால் கணக்கு எழுதினாள். அதில் என் தம்பி இறந்த வாரத்தில் ஏழு நாளும் வெறும் கோடாக இருந்தது. அந்தத் தாளை நான் வைத்துக்கொள்ளவில்லை. வீடு மாறியபோது நானேதான் எடுத்துப் போட்டேன். இன்றைக்கும் அது என்னைக் குத்துகிறது. ஆகவே டைரி என்றால் காலிக்கோ அட்டை போட்டதை மட்டும் நினைக்கக் கூடாது. வண்ணான் கணக்கு, சீட்டு நோட்டு, மொய் நோட்டு, பிரசவத்துக்குப் போன மகளுக்கு எழுதிய இன்லண்ட் கடிதம், எல்லாம்தான்.

கடந்த தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து சார்ட்டரின் மகன் போன் செய்தார். மகன் பிறந்த தேதியைச் சொல்லச் சொல்லி அந்தப் பக்கத்தை வாசித்தேன். டூட்டியில் இருந்தபோது ஆள் வந்து சொன்னது, ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளக் கேட்டும் கிடைக்காதது, விடிய விடியக் கொல்லம் பையைப் பிரித்துக்கொண்டே மகனுக்குப் பெயர் யோசித்தது, மூன்று பெயர்கள், அவற்றில் இரண்டை அடித்தது. மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, “அந்த அடிச்ச பேரு ரெண்டும் என்ன அத்தை, தெரியுதா?” என்று கேட்டார். தெரிந்தது. சொன்னேன்.

திருவனந்தபுரம் தமிழ்ச் சங்கத்தையும், காரியவட்டத்தில் இருக்கும் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையையும், பாளையத்து மாநில மத்திய நூலகத்தையும் நான் கேட்பது ஒரே ஒரு அலமாரி. பூட்டும் சாவியும் உள்ள அலமாரி, கரையான் வராத மூலை, வருகிறதைப் பதிவு செய்ய ஒரு நோட்டு. ஸ்கேன் செய்யத் தமிழ்த் துறை மாணவர்கள் வந்தால் இன்னும் நல்லது. வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த வருஷம் வீட்டை ஒழிக்கும்போது, அப்பாவோ அம்மாவோ கைப்பட எழுதிய எதையும் தராசில் வைக்காதீர்கள். இடமில்லை என்றால் போட்டோ எடுத்துக்கொண்டு, தாளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

பதினோரு டைரிகளும் வேப்பிலை போட்டு என் இரும்பு பீரோவில் இருக்கின்றன. மகனின் சம்மதக் கடிதமும் அவற்றோடுதான் இருக்கிறது. அலமாரி தருகிறோம் என்று யார் சொன்னாலும் அன்றைக்கே ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.