பொய் சொல்றவனை ஏன் நம்பறோம்?

போர் நாவல்னு பேச்சு வந்தாலே, "எழுதினவர் போருக்குப் போனவரா?"ன்னு ஒரு கேள்வி வந்துடும். ஏதோ அந்தச் சான்றிதழ் இருந்தா கதை தானா நம்பும்படி ஆயிடும்கிற மாதிரி! ஸ்டீபன் கிரேன் பிறந்ததே 1871-ல். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-லயே முடிஞ்சாச்சு. ஆனா அந்தப் போரை வெச்சு அவர் எழுதி 1895-ல் புத்தகமா வந்த நாவலைப் படிச்சுட்டு, மனுஷர் களத்துல நின்னவர்தான்னு நினைச்சவங்க உண்டு. ஆகவே அந்தக் கேள்வியை ஓரமா வெச்சுடலாம்.

எரிக் மரியா ரெமார்க்கோட 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' (1929) எடுத்துக்குங்க. முதல் உலகப்போர்ல ஜெர்மன் சிப்பாய் பவுல் சொல்ற கதை. ரெமார்க் களத்துல இருந்தது 1917-ல் ரெண்டு மாசம்கூட இல்லை. குண்டுச் சிதறல் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார். இருந்தாலும் பவுலை நம்பாம இருக்க முடியலை.

முதல் அத்தியாயத்திலேயே சாப்பாட்டுச் சண்டை. 150 பேருக்குச் சமைச்சிருக்கு, திரும்பி வந்தது 80 பேர். செத்தவங்க பங்கும் நமக்குத்தான்னு இவங்களுக்குச் சந்தோஷம். தனக்குப் பெருமை சேர்க்காத விஷயத்தை ஒருத்தன் எடுத்த எடுப்பிலேயே சொல்லிட்டான்னா, அப்புறம் அவன் பேச்சுக்கு நாம தானா காது கொடுக்கிறோம். லீவுல ஊருக்கு வந்தா, பீர் குடிக்கிற பெரியவங்க, "நீ பார்த்தது ஒரு மூலை, மொத்தப் போர் உனக்குப் புரியாது"ங்கறாங்க. நியாயம்தான். அந்த மூலையைத் தாண்டி அவன் எதையும் சொல்றதில்லை. (மொத்தப் போரும் புரிஞ்ச கதைசொல்லிகள்னாலே எனக்கு அலர்ஜி.)

ஆனா எனக்கு முக்கியமாப் படறது வேற இடம். நண்பன் கெம்மெரிக் கால் போய், ஆஸ்பத்திரியில கொஞ்சம் கொஞ்சமாச் சாகறான். பவுல் பக்கத்துலயே இருக்கான், நாமளும்தான். பிறகு லீவுல அவன் அம்மாவைப் பார்க்கப் போறப்ப, "வலியே தெரியலைம்மா, உடனே உயிர் போயிடுச்சு"ங்கறான். அந்தம்மா நம்பலை. பொய்யா இருந்தா நீ உயிரோட திரும்பி வரமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கறாங்க. யோசிக்காமப் பண்ணிடறான். யார்கிட்ட, எதுக்காகப் பொய் சொல்றான்னு நம்ம கண்ணெதிரே காட்டிட்டதால, நம்மகிட்ட மறைக்க அவனுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுது.

1918 அக்டோபர்ல அவன் செத்துப்போனதை, கடைசியில வேற ஒரு குரல் நாலு வரியில சொல்லிட்டுப் போயிடும். அதுவரைக்கும் 'நான்'னு பேசினவன் எங்க உட்கார்ந்து பேசினான்னு லாஜிக் பார்க்கறவங்க பார்க்கட்டும். எனக்கு அந்த இடத்துல ஞாபகம் வந்தது, கெம்மெரிக்கோட அம்மா முன்னாடி அவன் பண்ணின சத்தியம்தான்.