புரோஸ்டேட் அறுவையும் ஆண்மை அச்சமும்

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கும் மண்ணூர்பேட்டை, பாடி, கொரட்டூர் போன்ற பகுதிகளில், ஆலைகளிலும் பட்டறைகளிலும் பல்லாண்டு உழைத்து ஓய்வுபெற்ற ஆண்கள் பலர் வாழ்கின்றனர்; புரோஸ்டேட் சுரப்பியின் தொல்லைகள் தலைகாட்டும் வயதும் அதுவே. ‘புரோஸ்டேட் ஆபரேஷன் பண்ணினால் அதோடு ஆண்மை போச்சு’ என்று இத்தகைய ஆண்களிடையேயும் தமிழகமெங்கும் நிலவும் நம்பிக்கை, திண்ணைப் பேச்சு என்று ஒதுக்கத்தக்கதன்று. நீர் சரியாக இறங்காமல் துன்புறும் ஒருவர், அந்த அச்சத்தாலேயே அறுவையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால், சிறுநீர்ப்பை சுருங்கும் வலிமையை இழக்கக்கூடும். தேங்கிய நீரின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களையும் பழுதாக்கக்கூடும். புற்றுநோய் சுரப்பிக்குள் அடங்கியிருக்கும் காலத்தில் அஞ்சி விலகியவர், அது எலும்புக்குப் பரவிய பின் முதுகுவலியோடு மருத்துவமனைக்கு வர நேர்கிறது. உடலுக்கும் உயிருக்கும் இவ்வளவு கேடு விளைவிக்கக்கூடிய ஒரு நம்பிக்கையை அதன் வேரிலேயே மறுத்தாக வேண்டும்.

ஆணின் பாலியல் வாழ்வை ஒரே உறுப்பால் இயங்கும் ஒரே செயலாகக் கருதுவதே இந்நம்பிக்கையின் அடிப்படைப் பிழை. ஆசை மூளையில் எழுகிறது; அதற்கு ஊட்டமளிக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் பெரும்பாலும் விதைகளில் சுரக்கிறது. விறைப்பு என்பது நரம்புகளின் தூண்டலால் ஆண்குறியின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே பாய்ந்த இரத்தம் அங்கேயே தேக்கிவைக்கப்படும் நிகழ்வு. தொடுவுணர்வை ஏந்திச் செல்லும் நரம்பு வேறொரு வழியில் செல்கிறது. உச்ச இன்பம் அவ்வுணர்வை மூளை ஏற்று எழுப்பும் அனுபவம். விந்து வெளியேறுவது இவற்றிலிருந்து வேறான ஒரு தசைச் செயல். கருவுறச் செய்யும் திறன் மேலும் வேறு. சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து, இளமையில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் புரோஸ்டேட்டின் முதன்மைப் பணி, விந்து நீரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைச் சுரந்து தருவது. ஆசையைச் சுரப்பதோ விறைப்பை உண்டாக்குவதோ அதன் வேலையன்று. எனவே அச்சுரப்பியை அகற்றியதனால் மீசை உதிர்வதில்லை, குரல் மாறுவதில்லை, விதைகள் தம் பணியைத் தொடர்ந்து செய்கின்றன.

ஆயினும் இந்த அச்சம் வெறும் கற்பனையில் முளைத்ததன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வெவ்வேறு அறுவைகள் மக்கள் வழக்கில் ‘புரோஸ்டேட் ஆபரேஷன்’ என்ற ஒரே பெயரால் வழங்குகின்றன. ஒன்றின் விளைவு மற்றொன்றின் மேல் ஏற்றப்பட்டு, எது யாருக்கு நேர்ந்தது என்ற தெளிவின்றிச் செய்தி பரவுகிறது.

அவற்றுள் மிகுதியாகச் செய்யப்படுவது, புற்றுநோய் அல்லாத சாதாரண வீக்கத்திற்கான அறுவை. சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, பாதையை அடைக்கும் உட்பகுதியை மட்டும் சீவி எடுக்கும் இம்முறை டி.யு.ஆர்.பி. எனப்படுகிறது, இன்று இதையே லேசராலும் செய்கின்றனர். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் புறத்தே ஓடுவதால், உட்பகுதியை எடுக்கும் இவ்வறுவை அவற்றைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 556 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இவ்வறுவையைச் செய்து, மறு பிரிவினரை அறுவையின்றிக் கண்காணித்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. பாலியல் செயற்பாட்டில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மாறுவது பெரும்பாலும் ஒன்றே: உச்சத்தின்போது மூடிக்கொள்ள வேண்டிய சிறுநீர்ப்பைக் கழுத்து அறுவைக்குப் பின் திறந்தே இருப்பதால், விந்து முன்னோக்கி வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்று, பின்னர் சிறுநீரோடு கலந்து வெளியேறுகிறது. அறுவை செய்துகொண்டோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது நேர்கிறது. உடலுக்கு இதனால் தீங்கில்லை. உச்ச இன்பமும் நீடிக்கிறது. முன்கூட்டியே சொல்லப்படாத ஒருவர் இம்மாற்றத்தை முதன்முறை காணும்போது தம் ஆண்மையே வற்றிவிட்டதாக அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்திற்குப் பொறுப்பு அவருடையதன்று, சொல்லாமல் விட்டவர்களுடையது.

இரண்டாவது அறுவையில் புரோஸ்டேட் தொடப்படுவதே இல்லை. புரோஸ்டேட் புற்று டெஸ்டோஸ்டிரோனை நம்பி வளர்வது என்பதை மருத்துவ ஆய்வாளர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் நிறுவினார். அதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரவிவிட்ட புற்றுக்கு விதைகளை அகற்றும் சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. மாதந்தோறும் அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடவேண்டிய விலையுயர்ந்த ஊசிகளுக்கு மாற்றாக, ஒரே முறையில் முடிந்துவிடும் இவ்வறுவை நம் நாட்டு ஏழை நோயாளிகளுக்குப் பரவலாகச் செய்யப்பட்டு வந்துள்ளது. ஆசை குன்றுவதும், விறைப்பு மறைவதும், உடலில் திடீர்ச் சூடு பரவுவதும், தசை மெலிவதும் இதன் விளைவுகள். நோய் முற்றிய நிலையில் வருவோர் நம்மிடையே மிகுதியாக இருப்பதால், ஒரு தெருவில் ‘புரோஸ்டேட் ஆபரேஷன்’ செய்துகொண்டவர் என அறியப்படுபவர் இச்சிகிச்சை பெற்றவராக இருக்கவும் கூடும். அவருடைய நிலையைக் கண்டு, சாதாரண வீக்கத்தால் நீர் அடைத்துத் துன்புறும் அண்டை வீட்டுக்காரர் அறுவைக்கு மறுப்பது, தாமதத்தின் விளைவைக் கண்டு மேலும் தாமதிப்பதாகவே முடிகிறது.

மூன்றாவது, சுரப்பிக்குள் அடங்கிய புற்றுக்காகப் புரோஸ்டேட் முழுவதையும் விந்துப் பைகளோடு சேர்த்து அகற்றும் அறுவை. இங்கேயும் உண்மையான இழப்பு இருக்கிறது. அதை மூடி மறைப்பது, மறுக்கப்படும் நம்பிக்கையைவிடப் பெரிய கேடு. பல பத்தாண்டுகள் இவ்வறுவை ஏறத்தாழ எல்லோருடைய விறைப்பையும் பறித்தது. பேட்ரிக் வால்ஷ் என்ற அமெரிக்க அறுவை வல்லுநர், நெதர்லாந்தின் லைடன் நகரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கருடன் 1981இல் உடற்கூறு ஆய்வு செய்தபோது, விறைப்பு நரம்புகள் சுரப்பிக்குள் அல்லாமல் அதன் இரு பக்கங்களிலும் உறைக்கு வெளியே இரத்தக் குழாய்களோடு இணைந்து செல்வதைக் கண்டார். 1982 ஏப்ரலில் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அந்நரம்புகளைக் காத்துப் புரோஸ்டேட்டை அகற்றும் அறுவையை அவர் முதன்முதலாகத் திட்டமிட்டுச் செய்தார். அதன் பின் இழப்பு குறைந்தது, ஆனால் மறையவில்லை. இழுபட்டும் சூடுபட்டும் அதிர்ந்த நரம்புகள், அறுபடாத நிலையிலும், தேறுவதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகலாம். புற்று உறையைத் தாண்டும் நிலையில் இருந்தால் அவற்றைக் காக்க இயலாமல் போகலாம்.

பிரிட்டனில் சுரப்பிக்குள் அடங்கிய புற்று கொண்ட, 50 முதல் 69 வயது வரையிலான 1643 ஆண்களைக் கண்காணிப்பு, கதிர்வீச்சு, அறுவை என மூன்று பிரிவாக்கிச் செய்த ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளியாயின. தொடக்கத்தில் 67 விழுக்காட்டினருக்கு உறவுக்குப் போதிய விறைப்பு இருந்தது. ஆறு மாதத்தில் அது அறுவைப் பிரிவில் 12 விழுக்காடாகச் சரிந்தது. ஆறாம் ஆண்டில் 17 விழுக்காடாக இருந்தது. அதே ஆறாம் ஆண்டில் கண்காணிப்புப் பிரிவிலும் 30 விழுக்காட்டினரே அத்திறனோடு இருந்தனர். வயது முதிர்ந்ததும், அவர்களுள் பலர் பின்னர் சிகிச்சைக்கு மாறியதும் அதற்குக் காரணங்கள். பதினைந்து ஆண்டுகளின் முடிவில் மூன்று பிரிவிலும் சேர்த்துப் புரோஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் ஏறக்குறைய 2.7 விழுக்காட்டினர் மட்டுமே என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே, மெதுவாக வளரும் சிறு புற்று உள்ளவர்க்கு உடனடி அறுவையைத் தவிர்த்து, பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையோடு கண்காணிப்பில் இருப்பதும் முறையான தேர்வே. விறைப்பைக் காக்க விரும்பும் நோயாளி அதைக் கேட்டறியும் உரிமை உடையவர். தீவிரமான புற்று உள்ளவர்க்கு அத்தேர்வு பொருந்தாது.

முழு அகற்றலுக்குப் பின் விந்து வெளியேறுவது முற்றிலும் நின்றுவிடும். இது மீளாத மாற்றம். ஆனால் தொடுவுணர்வு நரம்பு அறுவைத் தளத்திற்கு அப்பால் செல்வதால், விறைப்பு இல்லாத நிலையிலும் உச்ச இன்பத்தை எட்ட இயலும் என்ற செய்தி நோயாளிகள் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. சிலருக்கு உச்சத்தின்போது சிறிது சிறுநீர் கசிவதும், ஆண்குறியின் நீளம் சற்றுக் குறைவதும் உண்டு. விறைப்பு மீள வழிகள் பல உள்ளன: 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சில்டெனாஃபில் வகை மாத்திரைகள், ஆண்குறியில் நேரடியாகப் போடும் ஊசி, வெற்றிட விசையால் இரத்தத்தை ஈர்க்கும் கருவி, இவை யாவும் பயனளிக்காதபோது உள்ளே பொருத்தும் செயற்கைத் தண்டு. மும்பை மருத்துவர் ரூபின் ஷா உருவாக்கிய இந்தியத் தண்டு, வெளிநாட்டுக் கருவிகளை வாங்க இயலாதோர்க்காகவே அமைந்தது. மாத்திரைகள் நரம்பு ஓரளவாவது எஞ்சியிருந்தால்தான் வேலை செய்யும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்பவர் அவற்றைத் தொடவே கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோய் நரம்பையும் குழாயையும் முன்பே அரித்திருந்தால், அறுவைக்கு முன் குன்றியிருந்த திறன் அறுவைக்குப் பின் பெருகும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

இவ்வளவு விளக்கங்கள் இருந்தும் அச்சம் நீடிப்பதற்கு, விந்தே உயிராற்றல் என்ற பழங்கருத்து பெருங்காரணம். இத்தனை துளி இரத்தம் சேர்ந்து ஒரு துளி விந்தாகிறது என்ற கணக்குக்கு உடலியலில் எந்த ஆதாரமும் இல்லை. விந்து நீரின் பெரும்பகுதி விந்துப் பைகளிலும் புரோஸ்டேட்டிலும் சுரக்கும் சாதாரணச் சுரப்பு. விந்து கழிவதால் உடல் நலிகிறது என்று நம்பி வருந்துவோரின் மனநிலையை ‘தாது நோய்’ என்ற பெயரில் மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இலேயே விவரித்தார். அந்த வருத்தத்தையே மூலதனமாக்கி, லாட்ஜ் அறைகளில் முகாமிட்டு, மதில் சுவரொட்டிகளில் இழந்த வீரியத்தை மீட்பதாக வாக்களிப்போர் இன்றும் தொழில் நடத்துகின்றனர். பாலியல் திறனைப் பெருக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள் சட்டம் தடை செய்துள்ளது; முதல் குற்றத்திற்கே ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. சட்டம் எழுபது ஆண்டு பழமையானது, சுவரொட்டிகளோ புதியவை. அவர்கள் தரும் பொடியில் அளவு தெரியாத சில்டெனாஃபில் கலந்திருந்தால், நைட்ரேட் உட்கொள்ளும் இதய நோயாளியின் உயிருக்கே அது ஆபத்து.

மற்றொரு நம்பிக்கையும் இதற்குத் துணைபோகிறது: பேரன் பேத்தி எடுத்த வயதில் இதெல்லாம் எதற்கு என்பது. வீட்டார் மட்டுமன்றி மருத்துவர்களும் இதை ஏற்றுக்கொண்டு வாய் திறவாமல் இருப்பதுண்டு. அறுபத்தைந்து வயதுக்காரரின் ஆசையை வெட்கத்துக்குரியதாக்குவது, அவருடைய மனைவியையும் அந்த உரையாடலிலிருந்து வெளியேற்றிவிடுகிறது; கணவர் தம் குறையை மறைக்க அருகில் வருவதையே தவிர்க்கும்போது, தாம் வெறுக்கப்படுவதாக மனைவி எண்ண நேர்கிறது.

மண்ணூர்பேட்டையிலிருந்து அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையோ கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையோ எட்டாத தொலைவில் இல்லை. ஐந்தாண்டுகளேனும் காப்பீட்டில் இருந்து ஓய்வுபெற்ற தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். சிகிச்சை அருகில் இருக்கும்போது, அதோடு சேர்ந்து கிடைக்க வேண்டிய விளக்கமும் அங்கேயே கிடைத்தாக வேண்டும். செய்யப்போவது மூன்றில் எந்த அறுவை, எது மாறும், எது மாறாது, தற்போதைய திறன் எந்த அளவில் இருக்கிறது, குழந்தை வேண்டுமெனில் விந்தணுவை முன்பே உறையவைத்துச் சேமிக்க வேண்டுமா என்பவற்றை, மனைவி உடனிருக்கத் தமிழில் பேசி முடித்த பிறகே ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கப்பட வேண்டும்.