“போல்ட்டைத் திருப்புறது இருக்கட்டும்... கிராங்க்கை யார் பிடிச்சிருக்கா?” - ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் பாடம்!

எங்கள் வீட்டு காருக்கு 20 வயது தாண்டிவிட்டது. பி.ஒய் 02 நம்பர் பிளேட். ஆர்.சி புக்கில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. ஆனால், நெடுங்காட்டில் அது எங்கள் தெருவுக்கே பொதுவான வண்டி. ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலித்தாலும், காரைக்காலில் யாரையாவது பஸ் ஏற்றிவிட வேண்டும் என்றாலும், முதலில் தட்டப்படுவது எங்கள் வீட்டுக் கதவுதான்.

போன மாதம் ஊருக்குப் போனபோது, வளைகாப்பு முடிந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். “வலி வந்தா ராத்திரி ரெண்டு மணின்னாலும் கவலையில்ல, வண்டி ரெடி” என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா இருந்த நான், டேஷ்போர்டில் கிடந்த சர்வீஸ் நோட்டைப் புரட்டினேன். டைமிங் பெல்ட் கடைசியாக மாற்றி எட்டு வருடம் ஆகியிருந்தது!

டைமிங் பெல்ட் என்பது இன்ஜினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் ஓட உதவும் பல் வைத்த ரப்பர் பெல்ட். பெரும்பாலும் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள், அல்லது கம்பெனி சொல்லும் வருடக் கணக்குக்குள் மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அறுந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்தும் போகும். அதன்பிறகு செலவு ஆயிரத்தில் நிற்காது. எல்லா காரிலும் பெல்ட் கிடையாது. சிலவற்றில் செயின் இருக்கும். எங்களுடையது பெல்ட்.

வண்டியை காரைக்கால் வரை ஓட்டிப்போகவே இப்போது பயம். “சின்ன வயசுல நானே மாத்தியிருக்கேன்” என்றார் அப்பா. சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஜாக்கி போட்டோம்.

எல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை!

முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தால், இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு கனமான சக்கரம் தெரியும். அதுதான் கிராங்க் புல்லி. ஏ.சி, ஆல்டர்நேட்டருக்குப் போகும் பெல்ட் இதில்தான் ஓடும். இது வெளியே வந்தால்தான் டைமிங் பெல்ட்டின் மூடியையே முழுதாகக் கழற்ற முடியும். புல்லியைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரே ஒரு பெரிய போல்ட்.

அப்பா ரிங் ஸ்பேனர் போட்டு இழுத்தார். நகரவில்லை. காலால் மிதித்தார். ஸ்பேனர் வழுக்கி, அப்பாவின் கை சேஸிஸ் விளிம்பில் மோதி, முட்டியில் தோல் உரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், போல்ட் தலையின் ஒரு மூலை லேசாக மழுங்கியிருந்தது. பாட்டி திண்ணையிலிருந்து, “மரை கழண்ட வேலை பாக்காதீங்கடா” என்றார். மரை கழண்டால்தான் பாட்டி எங்களுக்கு சந்தோஷம்!

ராத்திரி எட்டரைக்கு, துபாய் கராஜில் 20 வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

“போல்ட்டை யாரு திருப்புறாங்கிறது இருக்கட்டும்மா... கிராங்க்கை யாரு பிடிச்சிருக்கா?”

யாருமே பிடிக்கவில்லை. போல்ட்டைத் திருப்பத் திருப்ப, அதோடு சேர்ந்து புல்லியும் இன்ஜினும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அப்பா கொடுத்த பலத்தில் பெரும்பகுதி போல்ட்டுக்கே போகவில்லை.

ஏன் இவ்வளவு இறுக்கம்?

அன்று ராத்திரி இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். இந்த போல்ட் வரவில்லை என்றால் உடனே துருவின் மேல் பழி போடுகிறோம். கடல்காற்று வீசும் எங்கள் பக்கம் துருவுக்கும் பங்கு உண்டுதான். ஆனால், இது புதிதாகப் பூட்டும்போதே பயங்கரமாக இறுக்கப்படுகிற போல்ட். சின்ன காரின் வீல் நட்டை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குவார்கள். கிராங்க் போல்ட்டுக்கு பல கார்களில் அதைவிட அதிகம். சிலவற்றில் 200-ஐயும் தாண்டும்.

இறுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி மிக லேசாக இழுபடுகிறது. அந்த இழுவிசைதான் புல்லியைப் பிடித்து வைக்கிறது. ஆனால், நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் சுமார் 10 சதவிகிதம்தான் அந்த இழுவிசையாக மாறுகிறது. மீதி 90 சதவிகிதத்தை போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் இருக்கிற உராய்வு தின்றுவிடும். கழற்றும்போது நாம் சண்டை போடுவதும் அதே உராய்வோடுதான். பல வருடம் இன்ஜின் சூட்டில் வெந்து ஆறினால் பிடி இன்னும் கெட்டியாகிவிடும்.

அடுத்து நெம்புகோல் கணக்கு. 30 சென்டிமீட்டர் ஸ்பேனர் முனையில் 25 கிலோ எடை அளவுக்கு இழுத்தால் கிடைப்பது சுமார் 74 நியூட்டன் மீட்டர். அதே 25 கிலோவை ஒரு மீட்டர் நீளக் குழாயின் முனையில் கொடுத்தால் 245! பலசாலி யாரும் தேவையில்லை, நீளம்தான் தேவை. பம்புசெட்டுக்குப் போட்டு மிச்சமான ஜி.ஐ பைப் டெல்டாவில் எந்த வீட்டுக் கொல்லையில் இல்லை?

ஸ்பிரே அடித்தால் வந்துவிடுமா?

துரு விடும் ஸ்பிரே என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது டபிள்யூ.டி-40. 1953-ல் அமெரிக்காவின் சான்டியாகோவில் உருவானது. உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டும் கலவைக்காக முயன்று, 40-வது முயற்சியில் கிடைத்ததால் அந்தப் பெயர். வெளியே தெரியும் நட்டு, போல்ட்டில் இந்த மாதிரி ஸ்பிரேக்கள் நன்றாக வேலை செய்யும். அடித்துவிட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டி, ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும்.

ஆனால், கிராங்க் போல்ட்டின் மரை தண்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. ஸ்பிரே அங்கே போய்ச் சேருவது கஷ்டம். தலைக்கு அடியில் இருக்கும் உராய்வு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கன்னாபின்னாவென்று அடித்தால் பக்கத்திலிருக்கும் பெல்ட்டும் ரப்பரும் கெட்டுப்போகும். கேஸ் விளக்கு வைத்துச் சூடு காட்டுவதும் வீட்டில் வேண்டாம். பல புல்லிகளுக்குள் அதிர்வைத் தாங்க ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. தீ பட்டால் அது முதலில் போகும். புல்லியின் விளிம்பைச் சுத்தியலால் அடிப்பதும் அதே காரணத்துக்காகத் தவறு.

அம்மா ஏறிய டிரைவர் சீட்

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா சொன்ன வரிசையில் ஆரம்பித்தோம்.

ஜாக்கியை மட்டும் நம்பாமல், வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்தோம். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினோம். ரிங் ஸ்பேனருக்குப் பதில், போல்ட் தலையின் ஆறு பக்கங்களையும் முழுதாகப் பிடிக்கும் ஆறு மூலை சாக்கெட்டை கடைத்தெரு பட்டறையில் இரவல் வாங்கினோம். 12 மூலை உள்ளதென்றால் முனையில் மட்டும்தான் பிடிக்கும், மழுங்கிய தலையில் வழுக்கும். கூடவே நீளமான பவர் பார்.

கிராங்க்கைப் பிடிக்க, வண்டியை ஐந்தாவது கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஏன் ஐந்தாவது? முதல் கியரில் கிராங்க்கின் முறுக்கு பல மடங்காகப் பெருகி சக்கரத்துக்குப் போகும். அதைப் பிடித்து நிறுத்த பிரேக் அதிகம் திணற வேண்டும். டாப் கியரில் அந்தப் பெருக்கம் குறைவு. சில சின்ன கார்களில் இந்த வழியில் கிளட்ச் வழுக்கிவிடும். அப்போது ஃப்ளைவீலை நிறுத்திப் பிடிக்கும் கருவி வேண்டும். பழைய ஹோண்டா கார்கள் பலவற்றில் புல்லியிலேயே 50 மில்லிமீட்டர் அறுகோணக் குழி இருக்கும். அதில் மாட்டிப் பிடிப்பதற்கென்றே தனி டூல் உண்டு.

பிரேக் மிதிக்க யார்? அப்பா பைப்பில், நான் சாக்கெட் நழுவாமல் பிடிக்க. அக்காவைக் கேட்கவே முடியாது. அடுப்படியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டோம். இத்தனை வருடத்தில் அம்மா அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. “எது பிரேக்கு?” என்றார். காட்டினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் வைத்து மிதித்தார்.

அப்பா பைப்பைத் தள்ளவில்லை, தன் பக்கமாக இழுத்தார். தள்ளினால் வழுக்கும்போது உடம்பே முன்னால் போய் விழும். ஒரு இழுப்பு. ஒன்றுமில்லை. இரண்டாவது, நிதானமாக, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி...

டப்!

பட்டாசு வெடித்த சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். போல்ட் கால் சுற்று வந்திருந்தது. மிச்சத்தைக் கையாலேயே கழற்றினோம். அப்பா போல்ட்டைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார், பாட்டி கை தட்டுகிறார். காருக்குள்ளிருந்து அம்மாவின் குரல்: “இன்னும் மிதிக்கணுமா?”

இதை மட்டும் செய்யாதீர்கள்!

வீடியோக்களில் ஒரு குறுக்குவழி பார்த்திருப்பீர்கள். பவர் பாரைத் தரையில் முட்டுக்கொடுத்துவிட்டு, சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் மோட்டாராலேயே போல்ட்டை உடைப்பது. சில நேரம் பலிக்கும். பார் நழுவினாலோ, இன்ஜின் தவறி ஸ்டார்ட் ஆனாலோ, அந்த இரும்பு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பழைய ஹோண்டா இன்ஜின்கள் பலவும் மற்ற கார்களுக்கு எதிர்த் திசையில் சுற்றுபவை. அவற்றில் இதைச் செய்தால் போல்ட் இன்னும் இறுகும்!

பெல்ட் மாற்றுவதற்கு முன் டைமிங் மார்க்குகளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் ஸ்டார்ட் செய்யாமல், இன்ஜினை அது வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்குகள் மறுபடி சேர்கின்றனவா என்று பாருங்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். சில கம்பெனிகள் கிராங்க் போல்ட்டை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. உங்கள் காரின் மேனுவலில் பாருங்கள். எங்கள் போல்ட்டின் தலை மழுங்கியிருந்ததால் புதிது வாங்கினோம். திரும்பப் பூட்டும்போது மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும். அதற்கும் கிராங்க்கை ஒருவர் பிடிக்க வேண்டும்.

சாக்கெட் இரண்டாவது முறை வழுக்கினால் கைவிட்டுவிடுங்கள். பட்டறையில் இம்பாக்ட் கன் இருக்கிறது. அதன் தொடர் அடிகளுக்கு, நாம் அரை நாள் போராடும் போல்ட் பெரும்பாலும் சில நொடிகளில் இளகிவிடும். மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூலை முழுக்க மழுங்கிய பிறகு அழைத்தால்தான் அவருக்கும் கஷ்டம், நமக்கும் செலவு.

போல்ட்டை பூட்ட அம்மாவைக் கூப்பிடப் போனேன். கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆனது. இப்போது வாசலைப் பார்த்து, நேராக வெளியே போகிற மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார் அப்பா. டேங்க் ஃபுல். அக்காவுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது.