கப்பலில் உல்லாசப் பயணமா? கணக்குப் போட்டு ஏறுங்கள்!

ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்குக்கும், சிங்கப்பூருக்கும் "ரஜுலா" என்ற கப்பல் போய் வந்தது. 1926-ம் ஆண்டு கட்டப்பட்ட கப்பல் அது. பிழைப்புத் தேடிப் போனவர்கள் அதில் ஏறினார்கள். கரையில் நின்றவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

இன்று காலம் மாறிவிட்டது. சென்னையில் விமானம் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கு இருந்து உல்லாசக் கப்பல்கள் புறப்படுகின்றன. பினாங்கு, புக்கெட் போன்ற ஊர்களைச் சுற்றிக் காட்டி, சில நாட்களில் மீண்டும் சிங்கப்பூரிலேயே இறக்கி விடுகின்றன. அன்று பிழைக்கப் போன அதே வழியில், இன்று பொழுது போக்கப் போகிறார்கள்.

மகிழ்ச்சிதான். ஆனால், ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

முழுச் செலவு எவ்வளவு?

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகை முழுச் செலவு அல்ல. பெரும்பாலும் அது, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். அதற்கு மேல் துறைமுக வரி உண்டு. பல கப்பல்களில் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் உண்டு. குளிர்பானம், இன்டர்நெட், கரையில் இறங்கி ஊர் சுற்றுவது எல்லாம் தனி. விமானக் கட்டணம், விசா, இன்சூரன்ஸ் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

இத்தனையையும் ஒரு தாளில் எழுதி, கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தொகை கையில் இருந்தால் புறப்படலாம். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு போகலாம். கடல் எங்கும் ஓடிவிடாது! நாலு நாள் சந்தோஷத்துக்காக நாலு வருஷம் வட்டி கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

விசாவில் ஒரு சிக்கல்

பாஸ்போர்ட் குறைந்தது இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இந்தியர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா தேவை. கப்பல் புறப்பட்டதும் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வரும்போது மறுபடியும் நுழைய வேண்டும். ஆகவே, ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பல் தொடும் மற்ற நாடுகளின் விதிகளையும் முன்கூட்டியே கேட்டு அறிய வேண்டும்.

கப்பல் காத்திருக்காது

விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. எனவே, ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருவது நல்லது.

கரையில் இறங்கும்போதும் கவனம் தேவை. புக்கெட்டில் கடிகாரம் சிங்கப்பூரை விட 1 மணி நேரம் பின்னால் இருக்கும். கப்பலில் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தால், "4 மணிக்குத் திரும்புங்கள்" என்பது ஊர்க் கடிகாரப்படி 3 மணி. ஊர்க் கடிகாரத்தை நம்பியவர் வந்து பார்க்கும்போது கப்பல் போயிருக்கும்!

உடம்பைக் கவனியுங்கள்

தலைசுற்றலுக்குப் பயப்படுகிறவர்கள், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தட்டு அறையைக் கேட்டு வாங்கலாம். அங்கே ஆட்டம் குறைவு. அன்றாட மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால் கட்டணம் அதிகம். அதற்குத்தான் இன்சூரன்ஸ். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. டிக்கெட் வாங்கும் முன் கேட்க வேண்டும். சைவச் சாப்பாடு வேண்டும் என்றால், அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினால், வாந்தி-பேதி அண்டாமல் இருக்கும்.

நடுக்கடலில் செல்போனைச் சும்மா விட்டு வைத்தாலும் பணம் போகும். "விமான நிலை"யில் போட்டுவிட வேண்டும். சூதாட்டக் கூடத்தின் பக்கம் போகாமல் இருந்தால், கொண்டுபோன பணம் மிஞ்சும்.

முதல் மணி அடித்ததும்...

2012 ஜனவரி 13-ந் தேதி இத்தாலி அருகே "கோஸ்டா கன்கார்டியா" என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பல நூறு பேருக்கு, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சி நடந்திருக்கவில்லை. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சியை நடத்த வேண்டும் என்பது சட்டம்.

அந்த நேரத்தில் படம் பிடித்துக்கொண்டு திரியக் கூடாது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போய், கூடும் இடத்தைக் காட்ட வேண்டும். உயிர் காக்கும் சட்டையை எப்படி மாட்டுவது என்று அவர்களுக்குப் பழக்க வேண்டும்.

கடலைப் பார்க்க ஆசைப்படுவது தவறல்ல. கணக்கும், கவனமும் உடன் இருந்தால் போன குடும்பம் சிரித்த முகத்தோடு வீடு திரும்பும். உல்லாசப் பயணம் என்பது அதுதான்!