கரியால் எழுதிய கடைசிக் கடிதம்

ராமநாதபுரம் மாவட்டம் ஓரியூரில் ஒரு மணல்மேடு செக்கச்செவேலென்று இருக்கும். அருளானந்தரின் ரத்தம் பட்ட மண் என்பார்கள். ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவர்கள் இன்றும் உண்டு.

யார் இந்த அருளானந்தர்? 1647-ல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ. போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பெட்ரோவுடன் வளர்ந்தவர். அந்தச் சுகத்தை உதறிவிட்டு இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, தமிழ் பேசி ஊர் ஊராக நடந்தார்.

1686-ல் மறவர் நாட்டில் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லித்தான் சேதுபதி விடுவித்தார். சபை வேலையாக லிஸ்பன் போனபோது, பெட்ரோ மன்னராகியிருந்தார். ‘இங்கேயே இருந்துவிடுங்கள்’ என்று கேட்டும் அருளானந்தர் நிற்கவில்லை. மறுபடி கப்பலேறினார், அடிபட்ட அதே சீமைக்கு!

நோயிலிருந்து மீண்ட தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்பது நிபந்தனை. விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். (அந்தப் பெண்ணின் வேதனையும் சின்னதல்ல.) அதுவே வினையானது.

1693 பிப்ரவரி 3. ஓரியூர்ச் சிறையில் மை இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்துத் தன் சபைக்கு எழுதினார். புலம்பலே இல்லை. இந்த நாளுக்காகத்தான் இத்தனை காலம் ஜெபித்ததாகச் சந்தோஷமாக எழுதியிருந்தார்.

மறுநாள் சாம்பல் புதன். பாம்பாற்றங்கரையில் தலை வெட்டப்பட்டது. 46 வயது நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

1947-ல் வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி 4 அவருடைய திருநாள்.